உறுப்பை உருவாக்கும் மரபணு என்று யாராவது சொன்னால் அதை விசாரிப்பது எப்படி

“இதயத்தை உருவாக்கும் மரபணு கண்டுபிடிப்பு”, “விரல் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் மரபணு” என்று தலைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது, அப்படியே எடுத்துக்கொண்டால் கருவில் நடப்பது எதுவும் புரியவும் செய்யாது. எந்த மரபணுவுக்குள்ளும் இதயத்தின் படமோ கையின் வரைபடமோ கிடையாது. இந்த வகை மரபணு ஒரு புரதத்தைத் தயாரிக்கிறது. அந்தப் புரதம் டிஎன்ஏவில் சில குறிப்பிட்ட இடங்களில் உட்கார்ந்து வேறு மரபணுக்களை முடுக்கிவிடும் அல்லது அடக்கும், இல்லையென்றால் செல்லை விட்டு வெளியே போய்ப் பக்கத்துச் செல்லுக்குச் சேதி சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. பாக்ஸ்6 என்ற மரபணுவைக் கண்ணுக்கான மரபணு என்பார்கள். அதே பாக்ஸ்6 இல்லாத சுண்டெலிக் கருவில் கணையத்தில் குளுக்ககான் சுரக்கும் செல்களும் உருவாவதில்லை. அப்படியானால் அது கண்ணுக்கானதா, கணையத்துக்கானதா?

கேள்வியே தப்பு. எங்கே, எப்போது, எவ்வளவு, யாரோடு சேர்ந்து என்று கேட்டால்தான் பதில் வரும். ஒரு மரபணுவின் பெயர் கையில் கிடைத்தால் இந்தக் கேள்விகளை எந்த வரிசையில் கேட்பது, கிடைக்கும் பதிலை எவ்வளவு நம்புவது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். பள்ளி உயிரியல் கொஞ்சம் நினைவில் இருந்தால் போதும்.

முதலில்: உள்ளே இருந்து வேலை செய்வதா, வெளியே போவதா

மரபணுவின் குடும்பப் பெயரைப் பாருங்கள். ஹாக்ஸ், பாக்ஸ், டிபிஎக்ஸ், சாக்ஸ், காட்டா என்று தொடங்கினால் பெரும்பாலும் அது டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டு மற்ற மரபணுக்களை ஆளும் புரதம், அதாவது டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர். எஃப்ஜிஎஃப், பிஎம்பி, டபிள்யுஎன்டி, ஹெட்ஜ்ஹாக் என்றால் செல்லுக்கு வெளியே போகும் சமிக்ஞை. இதை முதலிலேயே தெரிந்துகொள்ளச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் தான் பிறந்த செல்லுக்குள்ளேயே வேலை செய்யும் (விதிவிலக்குகள் உண்டு, இப்போதைக்கு விடுங்கள்). சமிக்ஞையோ ஒரு திசுவில் பிறந்து இன்னொரு திசுவை மாற்றும். எஃப்ஜிஎஃப்10 நல்ல உதாரணம். அது கருவின் நடு அடுக்கான நடுப்படலத்தின் செல்களில் உற்பத்தியாகிறது, ஆனால் அதைக் கேட்டு நடப்பது மேலே போர்த்தியிருக்கும் எபிதீலியச் செல்கள். இந்த மரபணு இல்லாத சுண்டெலிக்கு மூச்சுக்குழல் வரைக்கும் உருவாகும், அதற்குக் கீழே நுரையீரல் கிடையாது; கைகால்களும் கிடையாது. நுரையீரலின் கிளைக்குழாய்கள் இல்லாமல் போனதற்குக் காரணமான பழுது அந்தக் குழாய்களின் செல்லில் இல்லை, அதைச் சுற்றியிருந்த செல்லில் இருக்கிறது. இதைத் தவறவிட்டால் மேற்கொண்டு படிப்பது எல்லாமே குழம்பும்.

ஹாக்ஸ் குடும்பத்தை அடையாளம் காட்டுவது ஹோமியோபாக்ஸ் என்ற 180 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள துண்டு. அது புரதத்தில் 60 அமினோ அமிலமாக வரும், அந்தப் பகுதிதான் டிஎன்ஏவைப் பிடிக்கும். 1983-84இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் வால்டர் கெரிங்கின் ஆய்வகமும் அமெரிக்காவின் இண்டியானாவில் இன்னொரு குழுவும் தனித்தனியாக இதைப் பழ ஈயில் கண்டுபிடித்தார்கள். கொஞ்ச நாளிலேயே தவளையிலும் சுண்டெலியிலும் மனிதனிலும் அதே துண்டு கிடைத்தது. ஈயின் மரபணுவைப் பற்றிப் படிப்பது மனிதக் கருவைப் புரிந்துகொள்ள உதவும் என்று நாம் தைரியமாகச் சொல்ல முடிவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

சின்ன எச்சரிக்கை ஒன்று. ஈயின் மரபணுக்களுக்குப் பெரும்பாலும் அது கெட்டுப்போனால் என்ன ஆகிறதோ அதை வைத்துத்தான் பெயர் சூட்டுவார்கள். ஐலெஸ் என்ற மரபணு கண்ணை உண்டாக்க உதவுவது. பெயரைப் பார்த்துத் தலைகீழாகப் புரிந்துகொள்ளாதீர்கள்.

இரண்டாவது: எங்கே, எப்போது விழித்திருக்கிறது

ஒரு செல்லில் எல்லா மரபணுவும் இருக்கும், ஆனால் எல்லாம் இயங்கிக்கொண்டிருக்காது. எது இயங்குகிறது என்று பார்க்கப் பழைய, இன்றைக்கும் அழகான வழி இன் சிட்டு ஹைப்ரிடைசேஷன். மரபணு இயங்கும்போது வரும் ஆர்என்ஏவோடு சரியாக ஒட்டிக்கொள்ளும் எதிர்த்துண்டு ஒன்றைத் தயாரித்துக் கருவுக்குள் ஊறவைப்பார்கள், ஒட்டாததைக் கழுவிவிட்டு, ஒட்டிய இடத்தில் மட்டும் நிறம் வரும்படி செய்வார்கள். நீலமும் ஊதாவும் கலந்த கறை.

பத்தரை நாள் சுண்டெலிக் கருவில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவுக்கு இப்படிச் சாயமேற்றிய படத்தை ஒரு முறை தேடிப் பாருங்கள். கரு கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும் நிலையில், தலை குனிந்து வால் சுருண்டு இருக்கும். முதுகோரமாக மூளையின் அடிப்பகுதியிலிருந்து வால் வரை ஒரு ஊதாக் கோடு ஓடும். பக்கவாட்டில் துடுப்பு மாதிரி கைமொட்டும் கால்மொட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், அவை ஒவ்வொன்றின் பின் ஓரத்திலும், அதாவது பின்னால் சுண்டுவிரல் வரப்போகும் பக்கத்தில், ஒரு சின்னப் பொட்டு. மற்ற இடமெல்லாம் வெளுப்பு. அந்தக் கோடு பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாயில் எந்த இடத்தில் எந்த நரம்புச் செல் வரவேண்டும் என்று பிரிப்பதில் சேர்கிறது, அந்தப் பொட்டு விரல்களின் வரிசையில் சேர்கிறது. ஒரே மரபணு, ஒரே நாள், இரண்டு வெவ்வேறு வேலை. இந்த ஒரு படம் பல பக்க விளக்கத்துக்குச் சமம் என்பேன்.

படத்தைப் பார்க்கும்போது கருவின் வயதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். சுண்டெலியின் கர்ப்பம் 19-20 நாள்தான், அதில் ஒரு நாள் என்பது பெரிய விஷயம். கோழிக்கருவுக்கு நாள் கணக்கைவிட 1951இல் ஹாம்பர்கரும் ஹாமில்டனும் வகுத்த 46 நிலைகளைத்தான் பயன்படுத்துவார்கள், ஏனென்றால் வெப்பம் கொஞ்சம் மாறினாலும் வளர்ச்சி வேகம் மாறிவிடும். ஜீப்ராஃபிஷ் என்ற சின்ன மீன் என்றால் மணிக்கணக்கு. 24 மணி நேரத்திலேயே இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். மனிதக் கருவில் இன்னொரு குழப்பம் உண்டு: மருத்துவர் சொல்லும் வாரம் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவது, கருவியல் நூல் சொல்லும் வாரம் கருத்தரித்ததிலிருந்து எண்ணுவது. இரண்டுக்கும் ஏறக்குறைய இரண்டு வாரம் வித்தியாசம். மனித இதயம் துடிக்கத் தொடங்குவது சுமார் 22ஆம் நாள் என்று படித்தால் அது கருத்தரித்ததிலிருந்து எண்ணியது. இந்த இரண்டு வாரத்தைக் கவனிக்காமல் இணையத்தில் நடக்கும் சண்டைகள் ஏராளம்.

அப்புறம் ஒன்று: மரபணு ஒரு இடத்தில் இயங்குகிறது என்பதால் அந்த இடத்துக்கு அது தேவை என்று ஆகிவிடாது. சும்மா இயங்கிக்கொண்டிருக்கவும் கூடும். அதற்குத்தான் அடுத்த கேள்வி.

மூன்றாவது: எடுத்துவிட்டால் என்ன ஆகிறது

குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்த சுண்டெலிகளை உருவாக்கும் முறைக்கு 2007இல் கபெக்கி, எவான்ஸ், ஸ்மித்தீஸ் மூவருக்கும் நோபல் கிடைத்தது. இப்போது கிரிஸ்பர் என்ற டிஎன்ஏ வெட்டும் கருவி வந்த பிறகு இது வழக்கமான ஆய்வக வேலை. ஆனால் முடிவைப் படிப்பது அவ்வளவு வழக்கமானதில்லை.

டின்மேன் என்ற மரபணு இல்லாத பழ ஈக் கருவில் இதயம் உருவாகவே உருவாகாது. சரி, முதுகெலும்பிகளில் இதற்கு உறவான என்கேஎக்ஸ்2-5ஐச் சுண்டெலியில் எடுத்துவிட்டால்? இதயமே இல்லாமல் போகும் என்றுதானே எதிர்பார்ப்போம். அப்படி நடக்கவில்லை. இதயக்குழாய் உருவாகிறது, துடிக்கவும் செய்கிறது, ஆனால் வளைந்து மடங்கி அறைகளாகப் பிரியும் கட்டத்தில் நின்றுபோய், பத்தாம் நாள் வாக்கில் கரு இறந்துவிடுகிறது. முதுகெலும்பிகளில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்கள் பல இருக்கின்றன, ஒன்று போனால் இன்னொன்று ஓரளவு ஈடுகட்டும். ஆகவே ‘எடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை’ என்று ஒரு ஆய்வு சொன்னால் உறவுக்கார மரபணுக்களையும் சேர்த்து எடுத்தார்களா என்று பாருங்கள்.

ஹாக்ஸில் இது இன்னும் வெளிப்படை. மனிதனுக்கு 39 ஹாக்ஸ் மரபணுக்கள், நான்கு குரோமோசோம்களில் நான்கு கொத்தாக. கொத்துக்குள் அவை அடுக்கியிருக்கும் வரிசையும், தலையிலிருந்து வால் வரை உடலில் அவை இயங்கும் வரிசையும் ஒன்றே. பத்தாம் எண் ஹாக்ஸ் மூன்று இருக்கிறது. அதில் ஒன்றை மட்டும் எடுத்தால் பெரிதாக எதுவும் தெரியாது. மூன்றையும் எடுத்த சுண்டெலியில், 2003இல் வெல்லிக்கும் கபெக்கியும் காட்டியபடி, இடுப்பு முள்ளெலும்புகளிலும் விலா எலும்பு முளைத்திருந்தது. இதிலிருந்து ஹாக்ஸ்10இன் வேலை என்ன என்று சொல்வீர்கள்? இடுப்பை உண்டாக்குவது என்று சொல்லத் தோன்றும். ‘இங்கே விலா வேண்டாம்’ என்று தடுப்பது என்பதுதான் அந்தச் சோதனைக்கு நெருக்கமான பதில். உருவாக்குவது என்ற சொல்லுக்குள் இப்படித் தடுக்கும் வேலையும் நிறைய ஒளிந்திருக்கிறது.

பெரும்பாலான மரபணுக்கள் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று இரண்டு பிரதியாக இருக்கும். அதில் ஒரு பிரதி போனதா இரண்டுமா என்றும் கேளுங்கள். பாக்ஸ்6இன் ஒரு பிரதி கெட்டுப்போன மனிதருக்குக் கண்பாவையைச் சுற்றியுள்ள நிறப்படலம் இல்லாமல் போகும் அனிரிடியா வருகிறது. இரண்டும் கெட்டால் கண்ணே உருவாகாது, குழந்தை பிழைப்பதும் இல்லை. பாதி அளவு புரதம் போதாது என்பதே இங்கே ஒரு தகவல். பல மரபணுக்களுக்குப் பாதி அளவு தாராளமாகப் போதும், ஆனால் வளர்ச்சியை ஆளும் மரபணுக்கள் அளவு விஷயத்தில் கறார்.

கரு சீக்கிரமே இறந்துவிட்டால் அந்த மரபணு பிற்பாடு என்ன செய்கிறது என்று தெரியாமலே போய்விடும். அதற்காகக் கிரி-லாக்ஸ் முறையில் ஒரு உறுப்பில் மட்டும், ஒரு கட்டத்துக்குப் பிறகு மட்டும் எடுப்பார்கள். ஜீப்ராஃபிஷில் மார்ஃபோலினோ என்ற மூலக்கூறை ஊசி போட்டு மரபணுவை அடக்கிய பழைய ஆய்வுகளைப் படித்தால் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள். உண்மையான சடுதிமாற்றத்தோடு ஒப்பிட்டபோது அவற்றில் கணிசமானவை ஒத்துப்போகவில்லை.

நான்காவது: இல்லாத இடத்தில் வைத்தால்

எடுத்துப் பார்த்தால் தேவையா என்று தெரியும், போதுமானதா என்று தெரியாது. அதற்கு, வழக்கமாக இயங்காத இடத்தில் மரபணுவை இயக்கிப் பார்க்க வேண்டும். 1995இல் கெரிங்கின் குழு, பாக்ஸ்6க்கு ஈயில் உறவான ஐலெஸ் மரபணுவை ஈயின் கால், இறக்கை, உணர்கொம்பு உருவாகும் திசுக்களில் இயக்கியது. அங்கெல்லாம் கண் முளைத்தது. சிவப்பு நிறமும் அறுகோண முகப்புகளும் எல்லாம் சேர்ந்த முழுக் கூட்டுக்கண். அதைவிடச் சுவாரசியம், சுண்டெலியின் பாக்ஸ்6ஐ ஈக்குள் வைத்தபோதும் முளைத்தது ஈயின் கண்தான், சுண்டெலிக் கண் இல்லை. படம் மரபணுவுக்குள் இல்லை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. சுண்டெலியின் புரதம் ‘தொடங்கு’ என்றது. எதைத் தொடங்குவது என்பது ஈயின் செல்லில் காத்திருந்த மற்ற மரபணுக்களின் கையில் இருந்தது.

அதே சமயம் ஈயின் உடம்பில் எங்கே வேண்டுமானாலும் கண் முளைத்துவிடவில்லை. மற்ற சமிக்ஞைகளும் கூடவே இருக்கும் சில இடங்களில் மட்டும்தான் பலித்தது. இந்தப் பின்பாதியைச் செய்திகள் விட்டுவிடும்.

சமிக்ஞை வகை மரபணுவுக்கு இதே சோதனையைக் கோழிக்கருவில் செய்வார்கள், பார்க்கவே எளிமையாக இருக்கும். முட்டை ஓட்டில் சன்னல் வெட்டி, எஃப்ஜிஎஃப் புரதத்தில் ஊறவைத்த மணி ஒன்றை, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சின்னது, இறக்கைக்கும் காலுக்கும் நடுவே விலாப்பக்கத்தில் செருகி ஓட்டை மூடிவிடுவார்கள். அங்கே கூடுதலாக ஒரு உறுப்பு வளரும். மணியை முன்பக்கமாக வைத்தால் பெரும்பாலும் இறக்கை, பின்பக்கமாக வைத்தால் கால். மணியில் இருந்தது ஒரே புரதம். வித்தியாசம் வைத்த இடத்தில்.

ஐந்தாவது, எனக்குப் பிடித்தது: அதை யார் முடுக்குகிறார்கள்

மரபணுவின் புரத எழுத்துகளை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள் பாதிக் கதையைத் தவறவிடுகிறார்கள். எங்கே எப்போது இயங்க வேண்டும் என்பது எழுதியிருப்பது பெரும்பாலும் புரதம் எழுதும் பகுதிக்கு வெளியே, என்ஹான்சர் என்ற டிஎன்ஏ துண்டுகளில். ஒரு மரபணுவுக்குப் பல என்ஹான்சர்கள் இருக்கும், ஒன்று மூளைக்கு, ஒன்று கைக்கு, ஒன்று குடலுக்கு என்று.

ஒரு என்ஹான்சரைப் படிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள ஈவன்-ஸ்கிப்டு மரபணுவின் இரண்டாம் பட்டையைப் போல வேறு பாடம் இல்லை. இந்த மரபணு ஈக்கருவில் ஏழு பட்டைகளாக இயங்கும். இரண்டாவது பட்டைக்கு மட்டும் ஏறக்குறைய 500 எழுத்து நீளத்தில் தனி என்ஹான்சர். அதில் நான்கு புரதங்கள் வந்து உட்காரும். பைகாய்டு, ஹன்ச்பேக் இரண்டும் ‘இயங்கு’ என்கின்றன. ஜயண்ட், க்ரூப்பல் இரண்டும் ‘நில்’ என்கின்றன. முன்பக்கம் ஜயண்ட் தடுக்கிறது, பின்பக்கம் க்ரூப்பல் தடுக்கிறது, நடுவே தப்பிக்கும் சில செல் அகலமே அந்தப் பட்டை. இதில் பைகாய்டு தலைப்பக்கம் அதிகமாகவும் வால்பக்கம் போகப்போகக் குறைவாகவும் பரவியிருக்கும் புரதம். தாய் ஈக்கு அந்த மரபணுவின் பிரதிகளைக் கூட்டினால் தலைக்கான எல்லையே பின்னால் நகர்ந்துவிடும். எந்த என்ஹான்சரைப் பற்றிப் படித்தாலும் இந்த நான்கு புரதக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, இங்கே முடுக்குவது யார், தடுப்பது யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

இப்போது அந்த ஊதாப் பொட்டுக்கு வருவோம். சோனிக் ஹெட்ஜ்ஹாக்கைக் கைமொட்டில் இயக்கும் என்ஹான்சருக்கு ஜெட்ஆர்எஸ் என்று பெயர். அது இருக்கும் இடத்தைக் கேட்டால் சிரிப்பு வரும்: மனிதனில் மரபணுவிலிருந்து சுமார் 10 லட்சம் எழுத்துகள் தள்ளி, சம்பந்தமே இல்லாத இன்னொரு மரபணுவின் உள்ளே. அதில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல் முளைக்கலாம். மனிதக் குடும்பங்களில் அப்படிக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவின் பேர்பெற்ற ஆறுவிரல் பூனைகளிலும் பழுது இதே இடத்தில்தான். சுண்டெலியில் ஜெட்ஆர்எஸை முழுக்க நீக்கினால் கைகால் குட்டையாகி விரல்கள் போய்விடும். முதுகோரக் கோடு மட்டும் அப்படியே இருக்கும், மூளை நன்றாகவே வளரும். மரபணுவையே நீக்கிய கருவுக்கோ முகத்தின் நடுவே ஒற்றைக் கண். எதை நீக்கினார்கள் என்று இரண்டு தடவை பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

2016இல் வெளிவந்த ஒரு சோதனையை நினைத்தால் இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. சுண்டெலியின் ஜெட்ஆர்எஸை எடுத்துவிட்டு வேறு விலங்குகளின் ஜெட்ஆர்எஸை அந்த இடத்தில் வைத்தார்கள். மனிதனுடையதை வைத்தபோது கால்கள் இயல்பாக வந்தன, சீலகாந்த் மீனுடையதை வைத்தபோதும் வந்தன. பாம்பினுடையதை வைத்தபோது கால்கள் வெறும் முளைகளாக நின்றன. பாம்பின் துண்டில் தொலைந்துபோயிருந்த 17 எழுத்துகளைத் திருப்பிச் சேர்த்ததும் கால்கள் திரும்பி வந்துவிட்டன. பாம்புக்கு சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணு நன்றாகத்தான் இருக்கிறது, இல்லாவிட்டால் அதற்கு மூளை எப்படி வரும்?

நடைமுறையில் இதிலிருந்து ஒரு விஷயம்: புரதம் எழுதும் பகுதிகளை மட்டும் வாசிக்கும் எக்ஸோம் சோதனை ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்று வந்தால், என்ஹான்சர்களைப் பற்றி அது பெரும்பாலும் எதுவும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். குடும்பத்தில் யாருக்காவது இது நிஜக் கேள்வியாக இருந்தால் மரபியல் மருத்துவரிடமே கேளுங்கள், அறிக்கையை வைத்துக்கொண்டு தானாக முடிவுக்கு வர வேண்டாம்.

அளவும் நேரமும்

சமிக்ஞை எவ்வளவு, எத்தனை நேரம் என்பதும் உறுப்பின் வடிவத்தை மாற்றும். 1968இல் சாண்டர்ஸும் காஸ்ஸலிங்கும் கோழியின் கைமொட்டின் பின் ஓரத் துண்டை எடுத்து இன்னொரு மொட்டின் முன் ஓரத்தில் ஒட்டினார்கள். 2-3-4 என்று வரவேண்டிய விரல்கள் 4-3-2-2-3-4 என்று கண்ணாடிப் பிம்பமாக வந்தன. அந்தத் துண்டிலிருந்து என்ன வெளிவந்தது என்று தெரிய 25 வருடம் ஆனது. 1993இல் டாபினின் குழு அது சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்று காட்டியது. மூலத்துக்கு அருகில் இருக்கும் செல்லுக்கு அதிகச் சமிக்ஞை, நீண்ட நேரம், தள்ளியிருப்பதற்குக் குறைவு.

நேரத்துக்கு, வேதனையான உதாரணங்கள்தான் தெளிவானவை. 1950களில் ஐடஹோவில் ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. தாய் ஆடுகள் கர்ப்பத்தின் 14ஆம் நாள் வாக்கில் ஒரு காட்டுச் செடியைத் தின்றிருந்தன. அதிலிருந்த சைக்ளோபமைன் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையை அடைக்கும் என்பது பல்லாண்டு கழித்துத்தான் தெரிந்தது. அந்த நாளைத் தாண்டித் தின்ற ஆடுகளின் குட்டிகளுக்கு இந்த ஒற்றைக் கண் வரவில்லை. மனிதர்களில், கர்ப்பகாலக் குமட்டலுக்குக் கொடுத்த தாலிடோமைடு மருந்து. 1961இல் அது திரும்பப் பெறப்படுவதற்குள் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆபத்தான காலம் கருத்தரித்து ஏறக்குறைய 20 முதல் 36 நாள் வரை. அந்த மருந்து சால்4 என்ற டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டரை அழியச் செய்கிறது என்று 2018இல் காட்டினார்கள். சுண்டெலியின் சால்4 புரதத்தில் இருக்கும் சிறு வித்தியாசத்தால் அங்கே இது நடப்பதில்லை, சுண்டெலிக் குட்டிகள் நலமாகப் பிறக்கும். எந்த விலங்கில் சோதித்தார்கள் என்று கேட்பது சம்பிரதாயக் கேள்வி இல்லை.

இரு திசுக்களின் பேச்சுவார்த்தை பற்றி ஒரு வரி: சிறுநீரகத்தில் நடுப்படலம் ஜிடிஎன்எஃப் சமிக்ஞையை விடும், பக்கத்தில் உள்ள குழாய் ரெட் என்ற ஏற்பியால் அதைக் கேட்டு அதை நோக்கிக் கிளைவிடும், அந்தக் கிளையின் நுனி பதிலுக்குச் சொல்லும் சேதியால்தான் நடுப்படலம் இரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்களாக மாறும். இதில் எந்தப் பக்கம் வாய் மூடினாலும் சிறுநீரகம் இல்லை. எனவே ‘சிறுநீரகத்தை உருவாக்குவது யார்’ என்று ஒரே பெயரைக் கேட்பதில் பொருளில்லை.

ஒரு மரபணுவை முழுக்க ஓட்டிப் பார்ப்போம்

டிபிஎக்ஸ்5. குடும்பப் பெயரைப் பார்த்ததும் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் என்று தெரிந்துவிடும், உள்ளே இருந்து வேலை செய்வது. எங்கே? சுண்டெலித் தகவலுக்கு எம்ஜிஐ, மீனுக்கு ஜெட்ஃபின், மனித நோய்களுக்கு ஓமிம் என்று இலவசத் தரவுத்தளங்கள் இருக்கின்றன, தேடினால் படங்களோடு வரும்: இதயம், கண்ணின் விழித்திரையில் ஒரு பகுதி, கைமொட்டு. கால்மொட்டில் இல்லை, அங்கே அதன் உறவுக்காரன் டிபிஎக்ஸ்4. எடுத்தால்? முழுக்க எடுத்த கரு இதயக் கோளாறால் சீக்கிரமே இறக்கிறது. கைப்பகுதியில் மட்டும் எடுத்தால் தோள்பட்டை உட்படக் கையே இல்லை. கை மொட்டு விட்டு வளரத் தொடங்கிய பிறகு எடுத்தால் எலும்புகள் பெரும்பாலும் சரியாகவே வருகின்றன, ஆகத் தேவை ஆரம்பத்தில்தான் அதிகம். மனிதரில் ஒரு பிரதி போனால் ஹோல்ட்-ஓரம் நோய்: கட்டைவிரல் பக்கக் குறைபாடு, இதயச் சுவரில் ஓட்டை, கால்களில் ஒன்றும் இல்லை. கீழே யாரை முடுக்குகிறது? எஃப்ஜிஎஃப்10ஐ, மேலே பார்த்தோமே, கைகால் மொட்டு நீள அந்தச் சமிக்ஞை வேண்டும்.

கையில் டிபிஎக்ஸ்5, காலில் டிபிஎக்ஸ்4. கை கையாக இருப்பதற்கு டிபிஎக்ஸ்5தான் காரணம் என்று முடிவுகட்டிவிடலாமா? 1999இல் கோழியில் செய்த சோதனைகள் அப்படித்தான் சொல்வது போலத் தெரிந்தன, பலரும் அப்படியே எழுதினார்கள். 2005இல் லோகனின் குழு சுண்டெலிக் கையிலிருந்து டிபிஎக்ஸ்5ஐ எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக டிபிஎக்ஸ்4ஐ வைத்தது. முளைத்தது கைதான். ‘வளரத் தொடங்கு’ என்று சொல்வது இரண்டுக்கும் பொதுவான வேலை. கால்தன்மை வேண்டுமென்றால் பிட்எக்ஸ்1 என்ற இன்னொரு மரபணு வர வேண்டும், அது வழக்கமாகக் கால்மொட்டில் மட்டும் இயங்குவது.

லீபென்பெர்க் நோய் என்று மிக அரிதான ஒன்று உண்டு. அந்தக் குடும்பங்களில் பிட்எக்ஸ்1 மரபணுவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை; பக்கத்தில் டிஎன்ஏ துண்டு அறுந்தோ இடம்பெயர்ந்தோ போனதால், தூரத்தில் இருந்த ஒரு என்ஹான்சர் அதன் அருகே வந்து, கைமொட்டிலும் அதை இயக்கிவிட்டிருக்கிறது என்று 2012இல் கண்டுபிடித்தார்கள். அவர்களின் எக்ஸ்ரேயில் முழங்கை முழங்கால் மூட்டைப் போல இருக்கிறது, முழங்கால் சிப்பி மாதிரி ஒரு எலும்போடு. மணிக்கட்டு எலும்புகள் சில கணுக்கால் எலும்புகளைப் போல ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன.